கட்டில் காலடியில் சனி

ஆடிச் சனிக்கிழமையில் குச்சனூர் பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தாலே பாதி அருள் கிடைத்த மாதிரி. சின்னமனூரிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆனாலும் அன்றைக்கு எள் தீபமும் கறுப்புத் துணியும் காக்கைக்குச் சோறுமாக வழி நெடுகக் கூட்டம். 2024 ஆடியின் கடைசிச் சனிக்கிழமை அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுயம்பு சனீஸ்வரரைக் கும்பிட்டுத் திரும்பும்போது அவள் கேட்டாள்: “மாமா, சனி ஒரு கிரகம்னு டீச்சர் சொன்னாங்க. அப்ப வானத்துல தெரியணும்ல, அது எது?”

அவளுக்கு ஒன்பது வயது. எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. எத்தனையோ ஆடிக்கு அந்தச் சன்னதியில் நின்றிருக்கிறேன். எது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் இருந்த ஒரே வழிகாட்டி பஞ்சாங்கம். சனி கும்பத்தில் என்று போட்டிருந்தது. ஆடியில் சூரியன் கடகத்தில் இருக்கும். அதற்கு நேர் எதிரே இருப்பது மகரம், பொழுது சாயும்போது கிழக்கே எழும். மகரத்தை அடுத்தது கும்பம். ஒரு ராசி எழச் சுமார் இரண்டு மணி நேரம். அப்படியானால் எட்டரை மணி வாக்கில் சனி கிழக்கே இருக்க வேண்டும்.

கணக்குச் சரி, மலைதான் குறுக்கே நின்றது. எங்கள் ஊர் ஒரு தொட்டிக்குள் கிடக்கிறது. கிழக்கே மேகமலைத் தொடர், மேற்கே கேரள எல்லை மலைகள். அடிவானத்தில் எழுவது மலையைத் தாண்டி முகம் காட்ட இன்னும் அரை மணி ஆகும். சூரியனை ஒட்டியே திரியும் புதனை எங்கள் மாடியிலிருந்து பார்ப்பது அதிர்ஷ்டம். ஆனால் சுமார் பத்து பாகை அட்சரேகையில் இருப்பதால் கோள்கள் உச்சிப் பக்கமாகவே கடந்து போகும். மலையைத் தாண்டிவிட்டால் பிறகு ராத்திரி முழுக்க நம்முடையதுதான்.

ராத்திரி மாடி ஏறினோம். ஆடிக் காற்று மேகத்தை விரட்டிக்கொண்டிருந்தது. தென்கிழக்கே ஒரு வெளிச்சத்தைக் காட்டி “அதுதான்” என்றேன். அது கொண்டை ஊசி வளைவில் திரும்பி இறங்கி வந்தது. மேகமலை ரோட்டில் வந்த ஏதோ வண்டி. அவள் சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.

பத்து மணிக்கு மேகம் விலகியபோது கிழக்கில் கண் சிமிட்டாத ஒரு புள்ளி. விண்மீன்கள் வெகு தொலைவில் வெறும் புள்ளியாக இருப்பதால் காற்றின் அசைவில் மினுங்கும். கோள் சிறு வட்டம், அதனால் ஒளி நிலையாக நிற்கும். மங்கிய மஞ்சள். “இம்புட்டுத்தானா?” என்றாள். இதற்கா இத்தனை கூட்டம் என்று எனக்கும் தோன்றியது. எங்கிருந்து வந்தது இந்தப் பயம், இந்தப் பெயர்?

புத்தகங்களில் தேடினேன். பழந்தமிழில் சனிக்கு மைம்மீன், காரி என்று பெயர்கள். இரண்டும் கறுப்பைச் சொல்பவை. கபிலர் பாரியின் பறம்பைப் பாடும் புறநானூற்றுப் பாட்டில் மைம்மீன் வருகிறது. செவ்வாய், வெள்ளி, வியாழனுக்குப் ‘பொன்’ என்று எல்லாமே நிறத்தை வைத்த பெயர்கள். வடமொழி வேறு பக்கம் பார்த்திருக்கிறது. ‘சனைஸ்’ என்றால் மெல்ல, ‘சர’ என்றால் செல்வது. சனைச்சரன், மெல்ல நடப்பவன். மந்தன் என்ற பெயருக்கும் அதே பொருள்தான். சனைச்சரன் தமிழ் வாயில் சனீச்சரனாகி, அதில் ஈஸ்வரன் கேட்டுவிட்டது. ஈஸ்வரப் பட்டம் பெற்ற ஒரே கிரகம் என்ற கதை அதன் மேல் ஏறிக்கொண்டது. கால் ஊனம் என்ற புராணமும் அந்த மெதுவான நடைக்குச் சொன்ன காரணமாகத்தான் எனக்குப் படுகிறது.

நிறத்தை வைத்துப் பெயரிட ஒரு ராத்திரி போதும். நடையை வைத்துப் பெயரிட எத்தனை வருஷம் பார்த்திருக்க வேண்டும்! அதைச் சோதிக்காமல் விட மனமில்லை.

அந்தப் பக்கத்து வானில் நான்கு விண்மீன்கள் பெரிய சதுரமாக நிற்கும். மேற்கே இரண்டு பூரட்டாதி, கிழக்கே இரண்டு உத்திரட்டாதி. ‘கட்டில் கால்’ என்று சொல்வார்கள். மேற்குக் கால்கள் இரண்டையும் கோடாக இணைத்துத் தெற்கே நீட்டினால், கையை நீட்டிப் பிடித்த முட்டியில் இரண்டு முட்டி தள்ளி, கோட்டுக்குச் சற்றுக் கிழக்கே சனி. அவள் நோட்டில் வரைந்து தேதி போட்டாள். ஐப்பசியில் பார்த்தால் கோட்டுக்குச் சற்று மேற்கே போயிருந்தது. “பின்னாடி போகுது மாமா!” பஞ்சாங்கம் இதைத்தான் வக்கிரம் என்கிறது. பஸ் மாட்டு வண்டியை முந்தும்போது வண்டி பின்னால் நகர்கிற மாதிரி, உள்வட்டத்தில் ஓடும் பூமி சனியை முந்துவதால் தெரிகிற தோற்றம்.

2025 புரட்டாசியில் மறுபடி மாடி. சனி கிழக்குக் கால்கள் இருக்கும் பக்கத்தை நெருங்கி வந்திருந்தது. ஒரு வருஷத்தில் கட்டிலின் அகலத்தைக்கூட முழுசாகக் கடக்கவில்லை, ஏறக்குறைய பன்னிரண்டு பாகைதான். வானத்தைச் சுற்றிவர இருபத்தொன்பதரை வருஷம். பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு இரண்டரை. ஜென்ம ராசிக்கு முந்தியது, ஜென்ம ராசி, அடுத்தது என்று மூன்றையும் கூட்டினால் ஏழரை. ஊரே நடுங்கும் அந்த எண், மெல்ல நடப்பவனின் நடையை அளந்து கிடைத்த கூட்டுத்தொகை.

அளந்தவர்களின் வழி வந்தவர்கள் இருநூறு வருஷத்துக்கு முன்பும் இருந்தார்கள். 1825-ல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணியர் சோழிகளைத் தரையில் அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை, மதராஸ் வான் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். வாக்கியப் பஞ்சாங்கம் அந்த மரபு. அது மீனத்துக்குச் சனிப்பெயர்ச்சியை 2026 மார்ச் 6 என்றது, திருக்கணிதப் பஞ்சாங்கமோ 2025 மார்ச் 29 என்றது. இரண்டு தேதிக்கும் நடுவே சனி வானத்தில் முன்னேறிய தூரம் ஒரு கைமுட்டிகூட இல்லை.

“முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்ல, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்ல” என்று அப்பத்தா அடிக்கடி சொல்லும். அந்த முப்பது எங்கிருந்து வந்தது என்று கேட்க இப்போது அப்பத்தா இல்லை. நோட்டின் முதல் பக்கத்தில் மேற்குக் காலடியில் இருக்கும் புள்ளியைக் காட்டி, சனி மறுபடி அந்த இடத்துக்கு வர 2054 ஆகும் என்றேன்.

விரல் விட்டு எண்ணினாள். “எனக்கு முப்பத்தொன்பது. உங்களுக்கு மாமா?”

நான் எண்ணவில்லை. நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.