மச்சினன் கணக்கு

என் மச்சினன் ஈரோட்டில் பெட்ஷீட் விற்கிறான். கடை கிடையாது... எல்லாம் ஆன்லைன்! ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, "நீங்க பி.காம். தானுங்க மாமா, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க" என்று லேப்டாப்பைத் தள்ளினான். நான் பி.காம். என்பதை ஞாபகம் வைத்திருக்கும் ஒரே ஜீவன். எப்படி மறுப்பது?

499 ரூபாய் பெட்ஷீட். சரக்கு விலை, கமிஷன், கொரியர், பாக்கிங் எல்லாம் போக 45 ரூபாய் நிற்கிறது. (டி.டி.எஸ். தனி. 1 சதவிகிதமாக இருந்ததை 2024 அக்டோபரிலிருந்து 0.1 ஆக்கியதில் பயலுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கிறது.) "பரவாயில்லையே!" என்றேன்.

"ரிட்டர்ன் பக்கம் பாருங்க மாமா."

பார்த்தேன். வாங்கினவர் ஒரு பெட்ஷீட்டைத் திருப்பினால் இவன் கையை விட்டுப் போவது 135 ரூபாய். மூன்று பேருக்கு விற்ற லாபம், ஒருத்தர் மனசு மாறியதற்குச் சரி! கேஷ் ஆன் டெலிவரி என்றால் சிலர் பார்சலை வாங்குவதே இல்லை. 'வீட்ல ஆள் இல்லை' என்பார்கள். அந்தப் பெட்ஷீட் திருநெல்வேலி வரை ஊர் சுற்றிவிட்டு வந்து சேரும்.

விற்ற காசாவது உடனே வருமா? டெலிவரி ஆகி, ரிட்டர்ன் கெடு முடிந்து, கம்பெனி பட்டுவாடா செய்கிற நாள் வர வேண்டும். சந்தையில் சரக்குப் போடுகிற வியாபாரிக்கு அந்தக் கதையெல்லாம் எதற்கு? தீபாவளிக்கு ஆர்டர் குவிந்தபோது, சரக்கு எடுக்க இவன் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. வியாபாரம் ஓஹோவென்று நடந்ததால் அடகு! 'ஓவர் டிரேடிங்' என்று அன்று மனப்பாடம் செய்தது எனக்கு இப்போதுதான் புரிந்தது. வளையல் இன்னும் திரும்பவில்லை.

ஒரு தடவை திரும்பி வந்த பார்சலைப் பிரித்தால்... உள்ளே பழைய லுங்கி! புகார் கொடுத்தான். 'பிரிக்கும்போது எடுத்த வீடியோ எங்கே?' என்று கேட்டுத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு ரிட்டர்னையும், கல்யாண வீடியோ மாதிரி லைட் போட்டுப் படம் பிடித்தபடிதான் பிரிக்கிறான்.

"இவங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?" என்று நான் கொதித்துக்கொண்டிருக்கும்போது செல் அடித்தது. சென்னையிலிருந்து என் மனைவி. 'தம்பியும் கேட்கட்டுமே' என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏங்க, கொரியர் பையன் வந்து நிக்கிறான். சைஸுக்கு ஒண்ணுன்னு மூணு சட்டை வரவழைச்சீங்களே... எந்த ரெண்டைத் திருப்பிக் கொடுக்கணும்?"

மச்சினன் ஒன்றும் சொல்லவில்லை. கால்குலேட்டரை மெதுவாக என் பக்கம் நகர்த்தினான்.

மூன்றையும் வைத்துக்கொண்டேன். அதில் ஒன்று, தொப்பைக்கு மேல் பொத்தான் போட மாட்டேன் என்கிறது.