அடிக்கோடு போட்ட பெயர்கள்

பைத்தானில் ஒரு பெயரின் முன்னால் அடிக்கோடு இருந்தால், 'இது எங்கள் உள்வேலை, தொடாதீர்கள்' என்று அர்த்தம். தொட்டால் மொழி தடுக்காது, மரியாதைதான் காவல். அந்தக் காவல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு பிப் கதையே சாட்சி.

தொகுப்புகளை நிறுவித் தரும் கருவி பிப். கமாண்ட் லைனில் ஓட்ட எழுதப்பட்டது; நம் நிரலுக்குள் இம்போர்ட் செய்வதற்கு அல்ல. ஆனால் அதற்குள், தேவையான தொகுப்புகளைப் பட்டியலிடும் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பைப் படிக்கும் ஃபங்ஷன் ஒன்று இருந்தது. செட்டப் கோப்பில் அதே பட்டியலை மறுபடி எழுதுவானேன் என்று பலர் அதை எடுத்தாண்டார்கள். 2018 ஏப்ரலில் வந்த 10-ஆம் பதிப்பில் பிப் தன் உள்நிரல் முழுவதையும் 'இன்டர்னல்' என்ற பெயருக்குள், முன்னால் அடிக்கோட்டுடன், நகர்த்தியது. உடனே, 'பிப் டாட் ரெக் என்று ஒரு மாட்யூல் இல்லை' என்ற பிழை. அதைப் பார்த்து முழித்தவர், அந்த இம்போர்ட்டை எழுதியவர் மட்டுமல்ல. அவருடைய தொகுப்பை நிறுவப்போன யாரோ ஒருவரும்தான்.

பரவிய வைத்தியம்தான் வேடிக்கை. ட்ரை போட்டுப் புது இடத்தில் தேடு, கிடைக்காவிட்டால் எக்ஸெப்ட்டில் பழைய இடத்தில் தேடு: நாலு வரி. 'உள்ளே வராதே' என்று பலகை மாட்டினால், அந்தப் பலகையையே விலாசமாகக் குறித்துக்கொண்டார்கள்! 2020-இல் 20.1 வந்தபோது அதே ஃபங்ஷன் வேறு வகைப் பொருளைத் திருப்பித் தந்தது. மறுபடி பிழை. இத்தனைக்கும் சாதாரண ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் வரிக்கு ஒரு தொகுப்பின் பெயர்தான் இருக்கும். வெற்று வரியையும் குறிப்பு வரியையும் தள்ளிப் படிக்க நாமே எழுதினாலும் நாலு வரிதான்.

எல்லோரையும் இப்படிக் கடிந்துகொள்ளவும் முடியாது. ஜாவாவில் 'அன்சேஃப்' என்ற உள்வகுப்பின் மேல் பெரிய நூலகங்களே நின்றன. நினைவகத்தை நேராகத் தொட அப்போது வேறு நல்ல வழி இல்லை. அதனால்தான் 2017-இல் ஜாவா 9 உள்பகுதிகளை அடைக்கத் தொடங்கியபோதும் அதைத் திறந்தே விட்டார்கள். தேவை நிஜமானால் கேட்டு வாங்கலாம். நூலகம் எழுதுகிறவர்களும் காது கொடுப்பது உண்டு.

ரியாக்ட் நூலகத்தை எழுதுகிறவர்கள் தங்கள் உள்பொருள் ஒன்றுக்கு, 'பயன்படுத்தாதே, மீறினால் வேலை போய்விடும்' என்ற பொருள்பட நீண்ட பெயர் வைத்திருந்தார்கள். சிரித்துவிட்டு அதையும் பயன்படுத்தியவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் வந்த 19-ஆம் பதிப்பில் மிரட்டல் போய்விட்டது. பயன்படுத்தாதே, பயன்படுத்தினால், 'உங்களால் புதிய பதிப்புக்கு மாற முடியாது' என்று உன் பயனர்களிடம் சொல்லிவிடு என்கிறது புதுப்பெயர். பழையதைவிட இதுவே எனக்கு நியாயமாகப் படுகிறது. நிறுவப்போய் மாட்டிக்கொள்கிறவரை இந்தப் பெயராவது நினைத்துப் பார்க்கிறது.