குட்டையும் நெட்டையும்

அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள், அண்ணன் பீரோவைத் திறந்து ரிவால்வரையும் உரிமப் புத்தகத்தையும் எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். அது 2017. அந்த மேசையில் அதை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று சோற்றுத் தட்டுக்கும் தண்ணீர்ச் சொம்புக்கும் நடுவில், இன்னொரு பாத்திரம்போல அது இருந்தது. அப்பா அதை யாரையும் நோக்கி நீட்டவில்லை. சுட்டதும் இல்லை. அங்கே வைத்துவிட்டுச் சாப்பிட்டார், அவ்வளவுதான். அம்மா பரிமாறினார். குழம்புக் கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

எங்கள் வீடு ஏற்காட்டில், சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. கொஞ்சம் காப்பி, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. வெள்ளைக்காரர்கள் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்து இருநூறு ஆண்டாகிறது. துரைமார் வீட்டுச் சுவரில் துப்பாக்கி மாட்டும் பழக்கமும் அவர்களோடு வந்தது. தாத்தா தோட்டம் வாங்கியபோது அந்தப் பழக்கத்தையும் சேர்த்தே வாங்கினார். ‘தோட்டப் பாதுகாப்பு’ என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லும் காரணம்.

தோட்டத்துக்குள் வருவது காட்டெருமை. வளர்ந்த கடா ஒன்று ஆயிரம் கிலோ வரை எடை இருக்கும். எங்கள் ரிவால்வரின் தோட்டாவில் ஈயக்குண்டு ஆறு கிராம்கூட இருக்காது. அது பட்டால் எருமைக்குக் கோபம் வரும், வேறொன்றும் நடக்காது. தவிர, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைச் சுட்டால் சிறை. ஆக, எங்கள் வீட்டில் அந்தத் துப்பாக்கிக்குப் பயப்பட வேண்டிய உயிர்கள் மூன்றுதான்: அம்மா, அண்ணன், நான்.

இனி தோட்டா விஷயம். உரிமத்தில் ‘பாயிண்ட் 32 ரிவால்வர்’ என்று எழுதியிருக்கும். கேட்பதற்கு ஒரே அளவு மாதிரி இருக்கிறது. ஆனால் 32 என்பது ஒரு குடும்பப் பெயர். 1878இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் கொண்டுவந்தது குட்டைத் தோட்டா. 1896இல் அதையே நீட்டிச் செய்தது நெட்டை. நம் நாட்டு அரசுத் தொழிற்சாலை செய்வது நெட்டையைத்தான். பிஸ்டலுக்கென்று இன்னொரு 32 உண்டு. பெட்டியில் எண் ஒன்றாக இருந்தாலும் அது வேறு சாதி. பழைய ரிவால்வரில் போட்டுச் சுட்டால் ஆபத்து.

விதி எளிது. நெட்டைக்காகச் செய்த ரிவால்வர் குட்டையையும் ஏற்கும். குட்டைக்காகச் செய்தது நெட்டையை ஏற்காது. தோட்டா பாதி நுழைந்து, பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். துப்பாக்கியை மூட முடியாது.

தாத்தாவுடையது குட்டைக்கான பழைய ரிவால்வர். தாத்தா காலத்துப் பெட்டியில் குட்டைகள் சில மிச்சம் இருந்தன. அப்பா ஒருமுறை சேலத்துக் கடையில் ‘32’ என்று மட்டும் சொல்லி ஒரு பெட்டி வாங்கிவந்தார். அத்தனையும் நெட்டை. திருப்பிக் கொடுக்கப் போனால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே. அதனால் பீரோவிலேயே வைத்துவிட்டார்.

இதையெல்லாம் யாரும் அம்மாவுக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு மத்தியானம், அப்பா கீழே சேலத்துக்குப் போயிருந்தபோது, தானே பிரித்துப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார். எட்டாவது வரை படித்தவர். குட்டை மூடுகிறது, நெட்டை மூடவில்லை. அவ்வளவு போதுமானதாக இருந்தது. அன்றே குட்டைகளை எடுத்துச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டார். நெட்டைப் பெட்டி பீரோவில் அதே இடத்தில் இருந்தது. ஒரு ராத்திரி அப்பா போதையில் தேடிக் கத்தியபோது, “அது எப்பவோ தீந்துபோச்சுங்க” என்றார். காலையில் அப்பா கேட்கவில்லை. பிறகும் துப்பாக்கி மேசைக்கு வந்தது. ஆனால் அதில் ஒன்றும் இல்லை என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

தேர்தல் வந்தால், உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ, அந்த வாரங்களில் அம்மா முகம் தெளிந்திருக்கும். எங்கள் வீட்டில் தேர்தலை ஆவலாக எதிர்பார்த்தவர், ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத அம்மாதான்.

உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால், துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். வெறும் தோட்டாவை வைத்திருப்பதும் குற்றம்தான். அண்ணன் மேசையில் தோட்டாக்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளே போய் ஒரு பழைய காப்பித்தூள் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தார். பதினோரு குட்டை. காப்பி வாசம் அடித்தது. அண்ணன் அம்மாவையே பார்த்தான். “எத்தன வருசமா?” என்றான். அம்மா பதில் சொல்லவில்லை. அப்பா வாழ்நாளில் கை வைக்காத ஒரே அலமாரி அது.

மறுநாள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குப் போனோம். கடைக்காரர் அண்ணனிடம்தான் பேசினார். “வாரிசு பேர்ல மாத்திக்கலாம் சார். மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்தாப் போதும்.” பிறகு என்னைப் பார்த்து, “மேடம், தனியா இருக்கிற அம்மாவுக்குன்னா லேடீஸ் ரிவால்வரே இருக்கு. நெட்டை, குட்டை ரெண்டும் போடலாம். குட்டைன்னா கை உதறாது” என்றார்.

அவர் சொன்னது ‘நிர்பீக்’. 2012 டெல்லிக் கொடூரத்துக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று அறிவித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரைக் கிலோ எடை, ஆறு தோட்டா, விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் தோட்டத்தில் பழம் பறிக்கும் மலையாளிப் பெண்கள் அன்றைய கூலியில் ஒரு வருடம் முழுக்கச் சேர்த்தாலும் அந்த விலை எட்டாது. விலையை விட்டாலும் கணக்கு உதைக்கிறது. காவல்துறையில் பதிவாகும் பாலியல் வன்கொடுமைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தெரிந்தவர்கள் செய்தவை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் ஏறத்தாழ 29 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சொல்லியிருக்கிறார்கள். பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று அறிந்த மனிதனுக்கு எதிராக எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது? கைப்பையில் இருக்கும் துப்பாக்கி யார் கைக்கு முதலில் போகும்?

அம்மாவுக்கு அந்த வருடங்களில் வேண்டியிருந்தது வேறு. அவர் பெயரில் ஒரு துண்டு நிலம். வெளியே போகச் சொன்னாலும் இருக்கலாம் என்கிற உரிமை. அந்த உரிமையைத் தந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல்தான் வந்தது. அதற்குள் எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

கடைக்காரர் காகிதத்தை அம்மா பக்கம் தள்ளினார். அண்ணன் பேனாவை நீட்டினான். அண்ணனுக்கு அப்பாவின் கோபம் அப்படியே வந்திருக்கிறது. அண்ணி எங்களோடு வரவில்லை. காலையில் வாசல்வரை வந்து, அம்மா கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை நான் மட்டும் பார்த்தேன் என்று நினைத்திருந்தேன்.

“நான் எழுதித் தரமாட்டேன். இது யார் பேருக்கும் வேண்டாம், வித்துருங்க” என்றார் அம்மா.

“அப்பா ஞாபகமா இருக்கட்டும்மா” என்றான் அண்ணன்.

“ஞாபகம் இருக்குது சாமி. அதனாலதான் சொல்றேன்.”

கடைக்காரர் தோட்டாக்களை வகை பிரித்து எண்ணினார். குட்டையில் ஒன்றைத் தவறுதலாக நெட்டையோடு சேர்த்துவிட்டார். அம்மா விரலால் அதை நகர்த்தி இந்தப் பக்கம் வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் பேசவில்லை. அவன் கோபம் ஆறச் சில மாதங்கள் ஆயின. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினார். பதினான்காவது வளைவு தாண்டிக் குளிர் ஏறியதும் கண் விழித்து என்னிடம் சொன்னார்: “அந்த டப்பாவ நல்லாப் புளி போட்டுக் கழுவிக் கவுத்து வெய்யி கண்ணு. நாளைக்கித் தூள் அரைக்கணும்.”