ஓடை திரும்பி ஓடும் நாட்கள்

வவுனியாப் பக்கத்திலிருந்து வடக்கே ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்புவது கனகராயன் ஆறு. குளம் நிரம்பினால் மிச்ச நீர் சுண்டிக்குளம் கடலேரிக்குப் போய்ச்சேரும். ஆற்றின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதற்கு நீர் கொண்டுவரும் சிற்றோடைகளுக்குப் பலவேளை பெயரே இல்லை.

2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் மூடியது. அது வடிந்தபின், மாங்குளத்துக்கு அண்மையில் அப்படியான ஓர் ஓடையைப் பார்க்கப் போனேன். கரையில் குடியிருக்கும் அம்மா ஒருவர் வழிகாட்டினார்.

"பிள்ளை, முதல் ஓடை பாய்ஞ்சு ஆத்துக்குள்ள போகும். ஆறு பெருகினா ஓடை திரும்பி இஞ்சால ஓடும்" என்றார்.

சிற்றோடைக்கு வரும் இரட்டை அடி இதுதான். முதலில் அதன் சொந்த வெள்ளம் மணலையும் கல்லையும் புரட்டுகிறது. அவற்றைப் பற்றியிருக்கும் தும்பிக் குடம்பிகள், மணற்துகளை ஒட்டிக் கூடுகட்டி வாழும் புழுக்கள், சின்ன இறால்கள் எல்லாம் அடித்துச் செல்லப்படுகின்றன. பிறகு ஆற்று நீர் ஓடைக்குள் ஏறித் தேங்குகிறது. தேங்கிய நீரிலிருந்து வண்டல் படிந்து கல்லிடுக்குகளை அடைக்கிறது. பூக்களால் மூச்சுவிடும் உயிர்கள் அங்கே திணறுகின்றன. சேற்றைத் தாங்கக்கூடிய செம்புழுக்கள் மட்டும் பெருகுகின்றன.

நான் போன நாளில் ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் சேறுதான் இருந்தது.

"இதுகள் இல்லாட்டி மீனும் இல்லை. மீன் இருந்தா ஒரு நேரக் கறிக்குக் காசு தேடத் தேவையில்லை" என்றார் அம்மா. உதிர்ந்த இலைகளைத் தின்று மக்கச் செய்வதும், மீனுக்கு இரையாவதும் இந்தச் சிற்றுயிர்கள்தான். தும்பிக் குடம்பிகள் நுளம்புக் குடம்பிகளையும் தின்னும்.

பங்குனியில் மறுபடி போனேன். ஓடை வற்றி மடுக்களாகக் கிடந்தது. மருதமர வேர்களுக்குள் இருந்த மடுவில் இறால்கள் துள்ளின. நீர்ப்பூச்சிகள் ஓடின. தும்பிகள் வாலால் நீரைத் தொட்டு முட்டையிட்டுக்கொண்டிருந்தன. வெள்ளத்தின்போது மணலின் ஆழத்திலும் வேரிடுக்கிலும் ஒளித்திருந்தவை முதலில் வெளிவருகின்றன. ஆற்றிலிருந்து இறால்கள் நீந்தி ஏறுகின்றன. சிறகுள்ளவை பறந்து வருகின்றன. நத்தைகள் வாய்மூடியை இறுக்கிச் சேற்றுக்குள் கோடையைக் கழிக்கும். நண்டுகள் வளைக்குள் இருக்கும்.

சற்றுத் தள்ளி, உழவு இயந்திரங்கள் மணல் அள்ளிய இடம் வேறுவிதமாக இருந்தது. கரை இடிந்து, மரம் சாய்ந்து, கலங்கிய குழிகள். வெள்ளம் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். ஒளிப்பதற்கு இடம் இருந்த பக்கத்தில் உயிர் திரும்பியது. இல்லாத பக்கத்தில் திரும்பவில்லை.

வெள்ளத்தை எங்களால் நிறுத்த முடியாது. கரையோர மருதமரத்தைத் தறிக்காமல் விடலாம். மருந்தடித்த தாங்கியை ஓடையில் கழுவாமல் இருக்கலாம். மணல் அள்ளுவதைப் பற்றி மாதர் சங்கக் கூட்டத்தில் கதைத்து, கிராம அலுவலருக்கு எழுத்தில் கொடுக்கலாம். அந்த ஊர்ப் பெண்கள் அப்படியொரு கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் நான் விடைபெற்றேன். முதலாவது கையெழுத்து அந்த அம்மாவுடையது.