பின்னணியும் முகமும்

ஐப்பசித் திங்கள். காலையெல்லாம் கொட்டிய மழை உச்சிப்பொழுதில் ஓய்ந்தது. மயிலையிலிருந்து நாமும், தியாகராயநகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் நண்பர் இருவரும் புறப்பட்டு, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வாயிலிலே கூடினோம். கையிலே, இரவல் வாங்கிய புகைப்படக் கருவி. நெஞ்சிலே, அன்றே கலைஞராகிவிடலாம் என்ற ஆசை! கைப்பேசியில் எடுத்தால் ஆகாதோ என்று கேட்டார் ஒருவர். அது தானே முடிவு செய்துவிடும்; நாம் கற்பது எப்போது என்றார் மற்றவர்.

1851-இல் தோன்றிய அருங்காட்சியகம் அது. அமராவதியின் பௌத்தச் சிற்பங்களைக் கண்டு வியந்து, செப்புப் படிமக் கூடத்திற்குள் நுழைந்தோம். திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரி, 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் கலை, எம்மை நிறுத்திவிட்டது. ஆண் பாதி, பெண் பாதி, உடல் ஒன்று! பட்டும் மலரும் மறைக்காததால், படைத்தவனின் கைத்திறன் முழுதும் கண்ணுக்குத் தெரிந்தது.

எப்படிச் செய்தான் அவன்? மெழுகிலே உருவமைத்தான், மண் பூசினான், தீயிலே வாட்டினான். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்திலே உலோகத்தை ஊற்றினான். பிறகு அச்சையே உடைத்தான். உடைந்த அச்சிலே இன்னொன்று பிறப்பதேது? ஒவ்வொரு படிமமும் தனிப்படிமம்!

கருவியை உயர்த்தினோம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கி, விசையை அழுத்தினோம். படமோ, வெறும் கரிநிழல்! முகமில்லை, நகையில்லை, நளினமில்லை. கருவி கெட்டதோ? இல்லை என்று சிரித்தார் அடையாற்று நண்பர். பின்னே இருந்த விளக்கொளியைக் கருவி அளந்தது, வெளிச்சம் மிகுதி என்று முடிவு கட்டியது, ஒளியைக் குறைத்தது, முன்னே நின்ற முகம் இருண்டது. முகத்தை மட்டும் அளக்குமாறு கருவியைத் திருத்தி மீண்டும் எடுத்தோம். பின்னணி வெளுத்தது, முகம் விளங்கியது!

நண்பர்கள் மகிழ்ந்தனர். நமக்கோ, சுருக்கென்றது நெஞ்சு. கருவி செய்த பிழையைத்தானே, முந்திய வாரம், வகுப்பறையிலே நாமும் செய்தோம்?

கட்டுரைப் போட்டிக்கு மாணவரைத் தேர்ந்தெடுத்தபோது, கடைசி வரிசைச் சிறுவன் ஒருவனின் ஏட்டைத் திறவாமலே ஒதுக்கினோம். அவன் தெரு தெரியும். தந்தையின் தொழில் தெரியும். வீட்டிலே படித்தவர் இல்லை என்பதும் தெரியும். அவனைத்தான் தெரியாது! பின்னணியை அளந்தோம், முகத்தை இருட்டாக்கினோம். பகுத்தறிவு பேசும் வாய்தான் நம் வாய். எனினும், பார்த்த கண் பழைய கண்.

மறுநாள் அந்த ஏட்டைத் திறந்தோம். தன் தெருவிலே தேங்கிய மழைநீர் எவ்வழி வருகிறது, எங்கே அடைபடுகிறது, எவ்வழி போகவேண்டும் என்று நடந்து பார்த்து எழுதியிருந்தான், படமும் வரைந்திருந்தான். தேர்ந்தெடுத்த எவரும் அப்படி எழுதவில்லை. போட்டிப் பட்டியலோ, முன்பே போய்விட்டது! பிழை எம்முடையது என்று அவனிடமே சொன்னோம். சிறிது நேரம் பேசாது நின்றவன், "அடுத்த முறை படிப்பீர்களா, ஐயா?" என்றான்.

ஆசிரியத் தோழர்களே! அந்தக் கேள்வி நம் ஒருவருக்கு மட்டுமா? உடைத்த அச்சிலிருந்து பிறந்த தனிப்படிமங்கள், நாள்தோறும் நம்முன் வரிசை வரிசையாய் அமர்ந்திருக்கின்றன. அளவுகோலை எங்கே வைக்கிறோம், பின்னணியிலா, முகத்திலா?