கழிச்சு விடுறது

என் அய்யா முப்பது வருஷம் மல்லிச்செடி கழிச்சவர். அதில் ஒரு செடிகூட அவருடையதில்லை.

திருமங்கலத்துக்கு மேற்கே செவக்காட்டு ஊர் எங்களுடையது. 'கவாத்து' என்று எங்க தெருவில் யாரும் சொல்லமாட்டார்கள், கழிச்சு விடுறதுதான். கவாத்து என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் பார்த்தேன். சிப்பாய்கள் அணிவகுத்துப் பழகுவதற்கும் அதே சொல். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இப்படிச் சொல்லைப் பிடித்துத் தொங்குகிற புத்திதான் மிச்சம். அய்யாவுக்கோ செடியைப் பிடித்தால் போதும்.

கார்த்திகை பாதிக்கு மேல், பனி இறங்க ஆரம்பித்ததும் மல்லி அடங்கிவிடும். பூ குறையும், மொட்டு சிறுக்கும். அந்த அடக்கத்தில்தான் வெட்ட வேண்டும். பத்துப் பதினைந்து நாள் முன்னாலேயே தண்ணியை நிறுத்திக் காயப்போடுவார்கள். அய்யா முதலில் செத்த குச்சி, பூச்சி விழுந்தது, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது எல்லாவற்றையும் எடுப்பார். பிறகு தரையிலிருந்து முழங்கால் உசரத்தில், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஒரே வெட்டு. வெட்டுவாய் சாய்ந்திருக்கணும், தண்ணி நிக்கக் கூடாது. மொண்ணை அருவா என்றால் தொடவே மாட்டார். நார் கிழிந்தால் கிழிந்த இடத்திலிருந்து குச்சி கீழ்நோக்கிக் காயும். மிச்ச இலையையும் உருவிவிட்டு, வெட்டுவாயில் மருந்து தடவி, தூரைக் கிளறி ஒரு கூடை தொழுவுரம் போட்டுத் தண்ணி பாய்ச்சினால் மாசி, பங்குனியில் துளிர்த்து மொட்டு வைக்கும். மல்லி புதுத் துளிரில்தான் பூக்கும். கிழட்டுக் கட்டையை வைத்துக்கொண்டு பூவுக்கு ஏங்கினால் கிடைக்காது. 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். இந்தக் கைகளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று நம் தோழர்கள் யாராவது விசாரித்து எழுதினால் நல்லது.

1999இல் எனக்கு ஒன்பது வயசு. மொதலாளி காட்டில் அய்யா கழித்துப்போட்ட குச்சிகளை நான் அள்ளி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தேன், விறகுக்கு. மொதலாளி கூட வந்தவரிடம் சொன்னார்: "மல்லியையும் இவிங்களையும் வருசத்துக்கு ஒருவாட்டி கழிச்சு விட்றணும்ப்பா. இல்லேன்னா தலைக்கு மேல வளந்துருவாய்ங்க." அவர்கள் சிரித்தார்கள். அய்யாவும் சிரித்தார். மொதலாளி சொன்னதைவிட அய்யா சிரித்ததுதான் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசும்போதெல்லாம் அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்குக் கோபம் வந்திருக்கிறது.

போன வருஷம் நாப்பது சென்ட் குத்தகைக்கு எடுத்தோம். ஏற்கனவே மல்லி வைத்திருந்த நிலம். குத்தகைப் பணத்தில் பாதி அம்மாவின் தோடும் சங்கிலியும், மீதி பூக்கமிஷன் கடையில் வாங்கிய முன்பணம். முன்பணம் வாங்கினால் பூவை வேறு கடைக்குக் கொண்டுபோக முடியாது.

கார்த்திகை வந்தது. அய்யா கத்தரியோடு முதல் வரிசையில் நின்றார். வெட்டவில்லை.

வெட்டினால் மார்கழி, தையில் ஒரு பூ இருக்காது. ஆனால் அப்போதுதான் விலை. தை முகூர்த்தத்தில் கிலோ ஆயிரங்களைத் தாண்டும். சித்திரை, வைகாசியில் பூ கொட்டிக் கிடக்கும், விலை படுத்துவிடும். தை மாசத்தை விட்டுக்கொடுத்து ஒழுங்காகக் கழிக்க, கையில் காசிருக்கிறவனால்தான் முடியும். முப்பது வருஷம் அடுத்தவன் செடியை வெட்டியபோது அய்யாவுக்கு இந்தக் கணக்கு வந்ததில்லை.

அம்மா நாலாவது வரிசையில் உக்காந்துவிட்டது. "இந்த நாலையும் விட்று. கொஞ்சம் பூத்தாலும் வட்டிக்காச்சும் ஆகும்."

"பாதி கழிச்சு பாதி விட்டா அது வெவசாயமா?"

"தோட்டத் திருப்பிக் குடுத்துட்டுப் பேசு."

நாலு வரிசை நின்றது. தையில் அம்மா விடியாமல் மூணு மணிக்கு நெத்தியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பனிக்குள் தேடித்தேடிப் பறித்தது. ஒருநாள் கால் கிலோ, ஒருநாள் அதுவும் இல்லை. கடையில் கமிஷன் போக, முன்பணத்துக்குப் பிடித்தது போக, பஸ் காசு வந்தது. சித்திரையில் கழித்த வரிசைகள் வெள்ளைவெளேரென்று மொட்டு பிடித்தன. அந்த நாலும் புதராக ஏறிப்போய், நுனியில் நாலு மொட்டு. அய்யா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்.

ஒரு ராத்திரி கேட்டேவிட்டேன். அன்னைக்கு ஏன் சிரிச்சீங்க?

ரொம்ப நேரம் பேசவில்லை. "சிரிக்காட்டி மறுநா எவன் வேலைக்குக் கூப்புடுவான்?" என்றார். அப்புறம், "அன்னைக்கு ரெண்டாம் வெயிலுக்கு மேல நான் எங்க வெட்டுனேன்னு பாத்தியா? நீ குச்சியத்தான் பொறுக்குன. இடுப்பு உசரத்துக்கு வெட்டிவிட்டேன். செத்த கட்டை பூராம் உள்ளயே கெடந்துச்சு. அந்த வருசம் அவன் காட்டுல பூவே எடுபடல. பனி சாஸ்தின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்."

எனக்கு எழுந்து கத்தணும்போல இருந்தது, சந்தோஷத்தில். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னது: "செடி என்னய்யா பண்ணுச்சு, பாவம். அந்த வருசம் பூப்பறிக்கப் போன எங்களுக்கும்ல கூலி கொறஞ்சுச்சு. கிலோவுக்குத்தான குடுப்பாக."

அய்யா பதில் சொல்லவில்லை. நானும்தான்.

வர்ற கார்த்திகைக்கு அந்த நாலு வரிசையையும் சேர்த்துக் கழிப்பதாகப் பேச்சு. கத்தரியைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறது. தோடு இன்னும் கடையில்தான் இருக்கிறது.