மரத்தைச் சுருட்டுகிற மெஷின்

பழைய மரத் தீப்பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை உரித்தால் உள்ளே, அட்டையைவிட மெல்லிசாக ஒரு மரத்தகடு வரும். அதை ஒரு பக்கமாக வளைத்தால் விரலைச் சுற்றி அழகாகச் சுருண்டுகொள்ளும். மறுபக்கமாக வளைத்தால் 'டக்'கென்று ஒடிந்துபோகும். சின்ன வயதில் இந்த விளையாட்டை விளையாடாத பிள்ளைகள் குறைவு. ஏன் ஒரு பக்கம் சுருள்கிறது, ஏன் மறுபக்கம் ஒடிகிறது என்று அந்த வயதில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நம்பித்தான் ஒரு மெஷின் உயிர் வாழ்கிறது என்பது அப்போது தெரியவும் தெரியாது.

அந்த மரத்தகட்டின் பெயர் வெனீர். பிளைவுட் என்பது இந்தத் தகடுகளை அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டிய பலகைதான். இவ்வளவு மெல்லிசாக மரத்தை எப்படி அறுக்கிறார்கள்? அறுப்பதே இல்லை என்பதுதான் பதில். ஒன்றரை மில்லிமீட்டர் தகடு எடுக்க ரம்பத்தை ஓட்டினால், ரம்பத்தின் பல் அதைவிட அதிகமான மரத்தைத் தூளாக்கிவிடும். பாதி மரத்துக்கு மேல் குப்பைக்குப் போகும். அதனால் மரத்தை உரிக்கிறார்கள். பென்சில் சீவும்போது சுருள் சுருளாக வருமே, அதைப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். கட்டையை லேத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, அதன் நீளத்துக்கு ஒரு கத்தியை வைத்து அழுத்தினால், மரம் ஒரே நீளமான நாடாவாக அவிழ்ந்து வரும். இந்த லேத்தை முதலில் உருவாக்கியவர் இம்மானுவேல் நோபல் என்று பலரும் எழுதுகிறார்கள். நோபல் பரிசு ஆல்ஃபிரட் நோபலின் அப்பா.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 30 செ.மீ. விட்டமுள்ள ஒரு கட்டை. 5 செ.மீ. தடிமனில் நடுத்தண்டு மிஞ்சும்வரை உரிக்கிறோம். தகட்டின் கனம் 1.5 மி.மீ. எவ்வளவு நீள நாடா வரும்? ஏறக்குறைய 46 மீட்டர்! லேத் நிமிஷத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் உரிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 46 விநாடியில் கட்டை தீர்ந்துவிடும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பால் கொடுத்த ரப்பர் மரத்தின் ஒரு துண்டு, ஒரு நிமிஷத்துக்குள் துணி போல அவிழ்ந்து முடிந்துவிடுகிறது.

சரி, அவிழ்ந்த 46 மீட்டரை எங்கே வைப்பது?

இங்கேதான் சிக்கல். லேத்துக்கு அடுத்து நிற்பது கிளிப்பர் என்கிற வெட்டுக் கருவி. நாடாவை வேண்டிய அளவுக்கு வெட்டுவது அதன் வேலை. ஆனால் மரம் துணி இல்லையே. நடுவில் கணு இருக்கும், ஓட்டை இருக்கும், வெடிப்பு இருக்கும். அவற்றைப் பார்த்து, ஒதுக்கி, நல்ல பகுதியை வீணாக்காமல் வெட்ட வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். லேத்துக்கோ நிற்கப் பிடிக்காது. உரித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி மறுபடி ஓட்டினால், அந்த இடத்தில் தகட்டின் கனம் மாறிப்போகும். ஆக, வேகமான ஒருவனும் நிதானமான ஒருவனும் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் நாடாவைக் கொஞ்ச நேரம் தூக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். சில ஆலைகளில் இதற்காக நீள நீளமான மேஜைத் தட்டுகள் உண்டு. இடம் குறைவாக உள்ள ஆலைகள் நாடாவைச் சுருட்டி வைக்கின்றன. சுருட்டும் மெஷின் பிறந்தது இந்தத் தேவையில்தான்.

கேஸட் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் இயக்கம் உடனே புரியும். கேஸட்டில் இரண்டு சக்கரங்கள். டேப் தீரத் தீர ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றும். டேப் சேரச் சேர மற்றது மெதுவாகும். இரண்டுக்கும் நடுவில் டேப் மட்டும் ஒரே வேகத்தில் நகரும். இங்கேயும் அப்படியேதான். 60 மீட்டர் வேகம் மாறாமல் இருக்க வேண்டுமானால், 30 செ.மீ. கட்டை முதலில் நிமிஷத்துக்கு 64 சுற்றுச் சுற்றும், 5 செ.மீ. தண்டாக மெலியும்போது 382 சுற்று ஆகிவிடும். எதிர்ப் பக்கத்தில் 15 செ.மீ. உருளையில் சுருட்ட ஆரம்பித்தால் முதலில் 127 சுற்று. சுருள் நிறைந்து 33 செ.மீ. ஆகும்போது 58 சுற்றுத்தான். இது இடைவெளியே இல்லாமல் இறுக்கமாகச் சுருட்டினால் வரும் கணக்கு. நிஜத்தில் சுருள் இன்னும் பருமனாக இருக்கும்.

இந்த வேகத்தை நொடிக்கு நொடி யார் மாற்றிக்கொண்டிருப்பது? பெரிய ஆலைகளில் சென்சாரும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்ளும். ஆனால் எளிய மெஷின்களில் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. சுருளை நடுத்தண்டைப் பிடித்துச் சுற்றுவதில்லை. ஓடுகிற ஒரு பெல்ட்டின் மேலோ உருளையின் மேலோ சுருளைச் சும்மா உட்கார வைத்துவிடுவார்கள். உராய்வில் அது தானாகவே சுற்றும். பெல்ட்டின் வேகம் மாறாததால், சுருள் பெருத்தால் தானே மெதுவாகிவிடும். யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. கட்டையை இரண்டு பக்கமும் குத்திப் பிடிக்கும் ஊசிகள் இல்லாத புது வகை லேத்களும் இதே போலத்தான்: கட்டையின் மேற்பரப்பை உருளைகளால் அழுத்திச் சுற்றுகின்றன. நடுவில் ஊசி இல்லாததால் தண்டு மெலியும்வரை உரிக்க முடிகிறது. ஊசி வைத்த லேத்தில் 10 செ.மீ. தண்டு மிஞ்சினால், மேலே சொன்ன 46 மீட்டரில் 4 மீட்டர் குறைந்துவிடும்.

தீப்பெட்டிக் கேள்விக்கு இப்போது திரும்பலாம்.

மரத்தின் நார் அடியிலிருந்து நுனிக்கு ஓடுகிறது. கட்டையைச் சுற்றி உரிக்கும்போது, அந்த நார்கள் நாடாவின் நீளவாக்கில் வருவதில்லை, குறுக்குவாக்கில் வருகின்றன. கோரைப்பாயை நினைத்துப் பாருங்கள். கோரைகள் குறுக்கே கிடக்கும். நூல் நீளவாக்கில் ஓடி அவற்றைப் பிடித்திருக்கும். அதனால்தான் பாய் ஒரு பக்கமாக மட்டும் லகுவாகச் சுருள்கிறது. வெனீர் நாடாவும் அப்படிப்பட்ட பாய்தான். சுருட்டுவது சுலபம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: இந்தப் பாயில் நூல் இல்லை.

மரத்தை நார் ஓடும் திசையில் இழுத்தால் அது தாங்கும் பலம் மலைக்க வைக்கும். நாருக்குக் குறுக்கே இழுத்தால் அதில் ஒரு சின்னப் பங்குகூடத் தாங்காது. நாரும் நாரும் பிரிந்து பிளந்துவிடும். சுருட்டும் மெஷின் இழுப்பதோ சரியாக அந்தப் பலவீனமான திசையில். போதாததற்கு, கத்தி உரிக்கும்போதே தகட்டின் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் விழுந்திருக்கும். ஆக, எந்தக் காரணத்தால் மரம் சுருள்கிறதோ அதே காரணத்தால்தான் அது கிழியவும் செய்கிறது. லேத்தைவிடச் சுருள் கொஞ்சம் வேகமாகப் போனால் நாடா அறுந்துபோகும். கொஞ்சம் பிந்தினால் நாடா தொய்ந்து மடிந்து, அடுத்த சுற்றில் நசுங்கும். மிக மெல்லிய தகடுகளுக்கு ஓரத்தில் காகித நாடா ஒட்டிச் சுருட்டுவதும் உண்டு. பாய்க்கு இல்லாத நூலை அப்புறமாகக் கொடுப்பது மாதிரி.

இந்தப் பலவீனம் கடைசியில் தீர்ந்துவிடுகிறது. பிளைவுட்டில் ஒரு தகட்டின் நார் கிழக்கு மேற்காக ஓடினால் அடுத்த தகட்டின் நார் வடக்கு தெற்காக ஓடும்படி அடுக்கி ஒட்டுகிறார்கள். ஒன்றின் குறையை மற்றொன்று மூடிவிடும். ஆனால் லேத்திலிருந்து அந்தப் பிரஸ்வரை இருக்கிற தூரத்தில், தகடு ஈரமாக, தனியாக, கைபட்டாலே பிளக்கும் நிலையில் இருக்கிறது. அதுவரை அதை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும்.

யார் பிடிப்பது? சுருட்டும் மெஷின் இல்லாத இடங்களில், மனிதர்கள்தான்.

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துப் பெரும்பாவூரைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான பிளைவுட், வெனீர் ஆலைகள் இருக்கின்றன. பால் வற்றிய ரப்பர் மரங்கள்தான் முக்கியமான தீனி. சின்ன ஆலைகளில் லேத்தோடு சேர்ந்தே கிளிப்பர் இருக்கும். தகடு வெட்டுப்பட்டு வந்து விழ விழ, ஆட்கள் அதை எடுத்து அடுக்க வேண்டும். முன்பு போட்ட அதே கணக்கில், நாடாவை 1.25 மீட்டருக்கு ஒரு வெட்டு வெட்டினால் ஒன்றேகால் விநாடிக்கு ஒரு தகடு வரும். லேத்தைப் பாதி வேகத்தில் ஓட்டினாலும் இரண்டரை விநாடிக்கு ஒன்று. 1.3 மீட்டர் அகலத் தகடு ஈரத்தோடு சுமார் 2 கிலோ இருக்கும். கிழியாமல் எடுக்க வேண்டும், மடங்காமல் வைக்க வேண்டும், அடுத்தது வருவதற்குள் திரும்பி வந்து நிற்க வேண்டும். மெஷின் செய்ய வேண்டிய காத்திருப்பை அங்கே இரண்டு தோள்கள் செய்கின்றன.

அந்தத் தோள்கள் பெரும்பாலும் அஸ்ஸாம், மேற்கு வங்கம், ஒடிசாவிலிருந்து வந்தவை. அவை அங்கே வந்ததற்கு ஒரு விசித்திரமான கதை உண்டு. கதை தொடங்குவது நீலகிரியில். கூடலூர்ப் பகுதியில் காடு அழிக்கப்படுவதைத் தடுக்கக் கோரி, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு கூடலூரோடு நிற்காமல் நாடு முழுவதற்கும் விரிந்தது. 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால உத்தரவில், அருணாசலப் பிரதேசத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களிலும், எல்லையிலிருந்து 100 கி.மீ.க்குள் இருக்கும் அஸ்ஸாம் பகுதியிலும் உள்ள மர அறுவை ஆலைகள், வெனீர் ஆலைகள், பிளைவுட் ஆலைகள் உடனே மூடப்பட வேண்டும் என்று சொல்லப்பட்டது. காடுகளுக்கு அது நல்ல தீர்ப்பு. ஆனால் லேத் ஓட்டவும் தகடு பிடிக்கவும் மட்டுமே தெரிந்த தொழிலாளிகளுக்கு ஒரே நாளில் வேலை போனது. அதே சமயம் தெற்கே, காட்டு மரத்தை நம்பாமல் ரப்பர் மரத்தை நம்பி வளர்ந்துகொண்டிருந்த பெரும்பாவூருக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். அஸ்ஸாம் தொழிலாளிகள் ரயிலேறினார்கள். நாட்டின் ஒரு மூலையில் அறுந்த நாடா, மறு மூலையில் ஒட்டப்பட்டது என்று சொல்லலாம்.

ஆலைக்காரருக்குச் சுருட்டும் மெஷின் ஒன்றும் எட்டாத பொருள் இல்லை. ஆனால் அதைத் தனியாக வாங்கினால் போதாது. சுருளைத் தூக்க, அடுக்கி வைக்க, மறுபடி அவிழ்த்துக் கிளிப்பருக்குக் கொடுக்க என்று பின்னாலேயே இன்னும் சில செலவுகள் வரும். ஈரச் சுருளை ரொம்ப நேரம் வைக்கவும் முடியாது; பூஞ்சை பிடித்துவிடும். இரண்டு பேரின் தினக்கூலியோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது அந்தக் கணக்குப் பல சின்ன ஆலைகளில் தோற்றுப்போகிறது. கூலி ஏறும்போதோ ஆள் கிடைக்காதபோதோதான் ஜெயிக்கும். அப்படி மெஷின் வந்தால் தோள்வலி தீரும் என்பது உண்மை. அந்தத் தோளுக்குரியவர் மறுபடி ரயிலேற வேண்டியிருக்கலாம் என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

சுருட்டும் மெஷின் எதையும் தயாரிப்பதில்லை. உரிப்பது லேத், வெட்டுவது கிளிப்பர், ஒட்டுவது பிரஸ். இது வெறுமனே வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, கிழியாமல் திருப்பிக் கொடுக்கிறது. அதனாலேயே விளம்பரப் படங்களில் இது ஓரத்தில் நிற்கும்; தொழிலாளியோ படத்திலேயே இருக்கமாட்டார்.

அடுத்த முறை பிளைவுட் கடைப் பக்கம் போனால், பலகையின் ஓரத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வெளிறியதும் கருத்ததுமாகக் கோடு கோடாகத் தெரியும். ஒரு கோடு நீளவாட்டு நார், அடுத்தது குறுக்குவாட்டு நார். அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஒட்டுப்படும் முன் சில மணி நேரம், தொட்டால் கிழியும் ஈரத் தகடாக இருந்தது. அப்போது அதைத் தாங்கியது ஒரு சுருளாக இருக்கலாம், வீட்டை விட்டு வெகுதூரம் வந்த ஒருவரின் இரண்டு கைகளாகவும் இருக்கலாம். பலகையைப் பார்த்தால் எது என்று தெரியாது.